ரப்பரில் விரிசல், பழி கார்புரேட்டர் மேல்

என் பழைய யமஹா பைக், ஆர்.எக்ஸ் 100-க்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. சிக்னலில் நியூட்ரலில் நின்றால், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே 'ரேஸ்' ஏறும். காலையில் சோக்கை எடுத்தால் அணைந்துவிடும். இரண்டு கடைகளில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், அதில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டைப் பெரிதாக்கினார்கள், ஸ்க்ரூவைத் திருகினார்கள். நாலு நாள் ஒழுங்காக ஓடும்; பிறகு பழைய குருடி, கதவைத் திறடி.

மூன்றாவது மெக்கானிக் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் கறுப்பு ரப்பரை, கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றி, கட்டைவிரலால் மடக்கிக் காட்டினார். மேலே சுருக்கம் போலத் தெரிந்த கோடுகள் மீன் செவுள் மாதிரி விரிந்தன. கிளாம்ப் இறுக்கியிருந்த இடத்துக்கு அடியில் ஒரு கோடு மறுபக்கம் வரை போயிருந்தது. "இது காத்து குடிக்குது சார்" என்றார்.

அவர் சொன்னதுதான் மொத்த விஷயமும். பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்குக் கீழே உள்ள அறையில், அதாவது கிராங்க் கேஸில், உறிஞ்சல் உண்டாகிறது. உள்ளே மட்டும் வழிவிடும் ரீட் வால்வு திறக்கிறது. காற்று கார்புரேட்டரின் ஒடுங்கிய தொண்டை வழியாக விரைகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைவதால் ஜெட்டிலிருந்து பெட்ரோல் மேலே இழுக்கப்படுகிறது. ஆக, எவ்வளவு பெட்ரோல் தரவேண்டும் என்பதைத் தன் தொண்டை வழியாகப் போகும் காற்றை வைத்துத்தான் கார்புரேட்டர் தீர்மானிக்கிறது. அதைத் தாண்டி, விரிசல் வழியாக நுழையும் காற்று அதன் கணக்கில் வராது. எடை போடும் இடத்தைத் தாண்டி மூட்டையில் மண் சேர்த்த கதை. முழுதாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கில் வராத காற்று சேர்ந்தால் கலவை மெலிகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போகிறது.

ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வண்டி நின்று ஓடும்போது, மட்டும் கோளாறு அதிகம் தெரிவது ஏன்? அப்போது கார்புரேட்டரில் காற்றுக்கு வழிவிடும் கதவான ஸ்லைடு நகக்கீற்று அளவுதான் திறந்திருக்கும். ரப்பரில் இன்னொரு நகக்கீற்று இருந்தால், இன்ஜினுக்கு ஏறக்குறைய இரண்டு வாசல். முழு ஆக்ஸிலேட்டரில் வாசலே அகலமாகிவிடுவதால் அந்தக் கீற்று பெரிதாகப் படாது. அதற்காக ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. இந்த வண்டியைப் போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் உள்ளே போகும் பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனையும் குளிர்விக்கிறது. கலவை மெலிந்தால் அந்தக் குளிர்ச்சி குறையும். அலுமினிய பிஸ்டன் சூட்டில், தன்னைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழலான ஸ்லீவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடைவெளி தீர்ந்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும்; அதுதான் 'சீஸ்'.

அந்த இடத்தில் ரப்பர் எதற்கு, உலோகக் குழாயே வைக்கலாமே என்று தோன்றும். இன்ஜின் அதிர்வு நேராகக் கார்புரேட்டருக்குப் போனால் அதன் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் நுரைக்கும், சூடும் ஏறும். இரண்டையும் ரப்பர்தான் தடுக்கிறது.

ரப்பரின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். அவற்றைக் கந்தகப் பாலங்கள் இணைக்கின்றன. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசிங் இதுதான். இன்ஜின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது புதிய பிணைப்புகள் கூடிக்கொண்டே போக, ரப்பர் கட்டை தட்டுகிறது. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்களைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சத்தை ஓசோன் பார்த்துக்கொள்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் பத்துக் கோடியில் ஒருசில பங்குதான் ஓசோன். ஆனால் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை வெட்ட அதுவே போதும். இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் அது பிளக்கும். விரிசல் எப்போதும் இழுவைக்குக் குறுக்கே விழும். வளைவின் வெளிப்பக்கம் முதலில் வெடிப்பது இதனால்தான். ஓசோனுக்கு அசராத ஈ.பி.டி.எம். ரப்பரைப் போடலாமே என்றால், அது பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும். பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைலுக்கோ ஓசோன் ஆகாது.

ஆர்.எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. கம்பெனியில் போட்ட ரப்பரே இன்னும் இருந்தால், அதன் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்போடலாமா? சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறி உரிந்து வரும். சைக்கிள் டியூபைச் சுற்றினால் அதுவும் ஊதும். அரால்டைட் இறுகிவிடும், அதிர்வில் பிளக்கும். விரிசல் இல்லாமல் விறைத்துமட்டும் போன ரப்பருக்கு, வெளிநாட்டில் சைலீனும் விண்டர்கிரீன் எண்ணெயும் கலந்து ஊறவைப்பார்கள். தலைவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் அதே மெத்தில் சாலிசிலேட்தான் இந்த எண்ணெய். ரப்பர் ஊறி இளகும், ஆனால் அறுந்த சங்கிலி ஒட்டாது. கார்புரேட்டரின் மறுமுனையில், ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ரப்பருக்கு இதைச் செய்துபார்க்கலாம். இன்ஜின் பக்கத்து ரப்பரை மாற்றுவதே சரி.

கசிவு எங்கே என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பெட்ரோல் சொட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும்: விரிசலை ஈரம் ஒரு கணம் அடைக்கும்போது சத்தம் மாறும்.

ஸ்பேர் பார்ட்ஸுக்குச் சென்னையில் ஜி.பி. ரோடு இருக்கிறது. விலையைவிட, அலுமினியத் தட்டோடு ரப்பர் ஒட்டியிருக்கும் விளிம்பைப் பாருங்கள்; நகத்தால் நெம்பினால் கிளம்பக் கூடாது. பேக்கிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். இன்னொன்று, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குத் தேவையான காற்று 14.7 அல்ல, சுமார் 13.5 பங்கு. பழைய ஜெட்டில் கலவை ஏற்கனவே கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். கசிவைப் பொறுக்க அங்கே இடமில்லை.

புது ரப்பர் போட்டதும் என் வண்டி உறுமும் என்று நினைத்தேன். புகை கக்கி அணைந்தது. பிளக்கைக் கழற்றினால் கரிக்கட்டை. கசிவுக்கு ஈடாக முன்பு பெரிதாக்கிய ஜெட் இப்போது பெட்ரோலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. டப்பாவில் கிடந்த பழைய ஜெட்டைத் தேடி எடுத்து மெக்கானிக் போட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது: கலவை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.