கராத்தே வகுப்பில் சொல்லப்படாத வலிகள்

கராத்தே பயிலும் பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோர், எங்கே வலிக்கிறது என்று நான் கேட்டு முடிப்பதற்குள், அடுத்த மாதம் பெல்ட் தேர்வு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை அநேகமாக எதுவும் சொல்வதில்லை. இயன்முறை சிகிச்சையாளராகப் பகலில் இந்தப் பக்கத்திலும், வெள்ளை உடை அணிந்த மாணவனாக மாலையில் அந்தப் பக்கத்திலும் நிற்பதால், இந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். கராத்தே ஆபத்தான கலை என்று நான் கருதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் எதிராளியின் அடியால் காயம்பட்டவர்களைவிட, அன்றாடப் பயிற்சியில் சிறுகச் சிறுகச் சேர்ந்த வலியை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவர்களே அதிகம். பொறுத்துக்கொள்வது இந்தக் கலையின் பண்பு என்று கற்பிக்கிறோம். எதைப் பொறுக்கலாம், எதை உடனே மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கற்பிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் வகுப்புகள் நடப்பது பள்ளியின் சிமெண்டு முற்றத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், அல்லது விசேஷம் இல்லாத நாட்களில் வாடகைக்குக் கிடைக்கும் கல்யாண மண்டபத்தில்தான். மரத்தளமோ மெத்தை விரிப்போ உள்ள இடங்கள் குறைவு. வெறுங்காலுடன் அந்தத் தரையில் ஓடி, குதித்து, தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகத் தவளைத் தாவலும் போடுகிற பிள்ளையின் குதிகாலுக்கு, அதிர்ச்சியைத் தாங்கித் தருவதற்கு எதுவும் இல்லை. 8 வயது முதல் 14 வயது வரை குதிகால் எலும்பின் பின்பகுதி இன்னும் முழு எலும்பாக இறுகியிருக்காது. கெண்டைக்கால் தசைநாண் வந்து இணைவது அங்கேதான் என்பதால், ஒவ்வொரு தாவலிலும் அந்த வளர்ச்சிப் பகுதி இழுபடுகிறது. வகுப்பு முடிந்து வீட்டுக்கு நொண்டி நடந்து வரும் பிள்ளை, குதிகாலின் இரு பக்கத்தையும் விரல்களால் அழுத்தினால் துள்ளும் பிள்ளை, இந்தச் சிக்கலில் இருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சீவர் நோய் என்பார்கள். இன்னும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் ஒரு முடிச்சுப் போலப் புடைத்து வலிக்கும். அது ஆஸ்குட் ஷ்லாட்டர். இரண்டுமே எலும்பு வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாக அடங்கிவிடுபவை. அதனால் பெற்றோர் பதற வேண்டியதில்லை, ஆனால் வலியோடு தாவ வைப்பதும் கூடாது. சில வாரங்களுக்குத் தாவலையும் ஓட்டத்தையும் குறைத்து, மெதுவான கட்டா (வரிசைப்படி தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு), கைப் பயிற்சி, நிலைப் பயிற்சி ஆகியவற்றைத் தொடர்ந்தால் போதும். வகுப்பையே நிறுத்தச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு அரிதாகத்தான் ஏற்படுகிறது.

அடுத்து முஷ்டி. முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுப்பதை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம். வயது வந்தவர், விரிப்பின் மேல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் கணுக்களை மட்டும் ஊன்றி, மணிக்கட்டு வளையாமல் எடுத்தால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. உள்ளங்கையை ஊன்றுவதைவிட அதில் மணிக்கட்டு நேராக இருக்கும் என்பது ஒரு நன்மையே. பத்து வயதுப் பிள்ளை சொரசொரப்பான சிமெண்டில், மணிக்கட்டு தள்ளாடத் தள்ளாட, எடை முழுவதும் சுண்டுவிரல் பக்கம் சரிய எடுப்பது வேறு கதை. சுண்டுவிரலுக்குரிய உள்ளங்கை எலும்பு அசையும் தன்மை உள்ளது, விரல் கணுவுக்குச் சற்றுக் கீழே உள்ள அதன் கழுத்துப் பகுதியில் எளிதில் முறியக்கூடியது. கோபத்தில் சுவரைக் குத்தும் இளைஞர்களுக்கு முறிவதும் பெரும்பாலும் அந்த எலும்பேதான். கையை உறுதியாக்குகிறேன் என்று வீட்டுச் சுவரைத் தினமும் குத்திவிட்டு வரும் மாணவர்கள், ஜப்பானின் ஒகினாவாத் தீவில் பயன்படும் மகிவாராவை உதாரணம் காட்டுவார்கள். மகிவாரா என்பது தரையில் நட்ட, மேலே செல்லச் செல்ல மெலியும் பலகை. அதன் தலையில் வைக்கோல் கயிறு சுற்றப்பட்டிருக்கும், குத்தினால் வளைந்து கொடுக்கும். செங்கல் சுவர் வளைந்து கொடுப்பதில்லை.

பாரம்பரியம் என்ற சொல்லை வைத்து வாதிடுகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவது நல்லது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டு சென்றவர் அன்கோ இடோசு. 1908-ல் அந்த மாகாணத்தின் கல்வித் துறைக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் படிக்கப்படுகிறது. பெரியவர்கள் பயின்ற கடினமான கட்டாக்களை அப்படியே பிள்ளைகள்மேல் ஏற்றாமல், மாணவர்களுக்கென்றே ஐந்து பினான் கட்டாக்களை அமைத்தார். நம் பிள்ளைகள் மஞ்சள் பெல்ட்டுக்கும் பச்சை பெல்ட்டுக்கும் செய்து காட்டும் ஹெய்யான் கட்டாக்கள் அவற்றின் வழிவந்தவைதாம். பிள்ளைகளின் உடலுக்கேற்ப மாற்றிக் கொடுத்ததுதான், நம் கைக்கு வந்திருக்கும் பள்ளிக் கராத்தேயின் மரபு.

அந்த மரபில், பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளையின் வயிற்றின் மேல் ஓடு உடைப்பதற்கும், கைவிரல்களின் மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கும் இடம் கிடையாது. கூட்டம் கைதட்டுகிறது, மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது, சேர்க்கை கூடுகிறது என்பதைத் தவிர இவற்றால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. படுத்திருக்கும் பிள்ளை அங்கே எந்த உத்தியையும் செய்வதில்லை. சம்மட்டி குறி தவறக் கூடாது என்று காத்திருக்கிறது, அவ்வளவுதான். தலையால் ஓடு உடைப்பது இதைவிட மோசம், அதைப் பற்றி இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. உங்கள் பிள்ளையை இப்படி ஒரு நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சொன்னால், மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த மறுப்பால் பிள்ளையின் கராத்தே எள்ளளவும் குறைந்துவிடாது.

காலை முழுவதுமாக விரித்துத் தரையில் அமர்வதில் பலருக்கும் தீராத ஆசை இருக்கிறது. இடுப்பு மூட்டின் கிண்ணம் எவ்வளவு ஆழம், தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பவை ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு எலும்போடு எலும்பு முட்டுகிற இடத்தில் விரிவு நின்றுவிடும், அதற்கு மேல் எத்தனை ஆண்டு முயன்றாலும் போகாது. தொடையின் பின்புறம் இதமாக இழுபடுவது வேறு, இடுப்பின் முன்மடிப்பில் கூர்மையாகக் குத்துவது வேறு. இரண்டாவது வந்தால் நிறுத்திவிட வேண்டும். தோளில் இன்னொருவர் ஏறி அமர்ந்து அழுத்துவதை நான் இன்றும் சில இடங்களில் பார்க்கிறேன். பதின்வயதினருக்கு உட்காரும் எலும்பின் நுனி தசைநாணோடு சேர்ந்து பெயர்ந்து வருவதற்கு இப்படி ஒரு அழுத்தமே போதுமானது. மேலும், உடல் சூடேறாத நிலையில் வகுப்பின் தொடக்கத்திலேயே நீண்ட நேரம் விரித்துப் பிடிப்பதைவிட, மெல்லோட்டம், கால் வீச்சு, இடுப்புச் சுழற்சி என்று அசைவுகளில் தொடங்கி, பிடித்து நிறுத்தும் நீட்சியை வகுப்பின் இறுதிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

முழங்கால் வலியோடு வருகிறவர்களிடம் நான் மவாஷி கிக்கை, அதாவது பக்கவாட்டிலிருந்து வட்டமாகச் சுழற்றி அடிக்கும் உதையை, செய்து காட்டச் சொல்வேன். அடிக்கும் காலை அல்ல, ஊன்றியிருக்கும் காலைத்தான் பார்ப்பேன். ஊன்றிய பாதம் குதிகால் முன்னே வரும்படி திரும்ப வேண்டும். வியர்த்த பாதம் தரையில் ஒட்டிக்கொண்டோ, அவசரத்திலோ திரும்பாமல் நின்றுவிட்டால், இடுப்பு சுழன்ற சுழற்சி முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. இதைத் திருத்துவதற்கு மருந்து தேவையில்லை, பொறுமையாகக் கவனிக்கும் ஒரு மாஸ்டர் போதும். காற்றில் குத்தும்போது முழங்கையையும், காற்றில் உதைக்கும்போது முழங்காலையும் கடைசி வரை பூட்டி நீட்டுவதும் இதைப் போன்றதே. தடுப்பதற்கு எதிரில் ஒன்றும் இல்லாததால் அந்த விசையை மூட்டே நிறுத்த வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை சொல்லிச் சொல்லி நூற்றுக்கணக்கில் குத்திய பின் முழங்கையின் பின்புறம் வலித்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இவையெல்லாம் காத்திருக்கக்கூடிய விஷயங்கள். தலையில் படும் அடி காத்திருக்காது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 7 அன்று நடந்த ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் குமித்தே (இருவர் நேருக்கு நேர் மோதுவது) இறுதிப் போட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். முன்னிலையில் இருந்த சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி உதைத்த உதை கழுத்துக்கு மேல் பட, ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். கட்டுப்பாடு மீறிய அடி என்று ஹமெதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். விழுந்தவருக்குத் தங்கம் கிடைத்தது. முடிவு நியாயமா என்று அப்போது எல்லாரும் விவாதித்தார்கள். விளையாட்டுக் குமித்தேயில் தலையை நோக்கிய உத்திக்குப் புள்ளி உண்டு, ஆனால் எதிராளியைக் காயப்படுத்தும் அளவுக்கு விசையோடு படக் கூடாது என்பதே விதி. உலகின் மிகச் சிறந்தவர்களுக்கே சில நேரம் தவறிப்போகும் அந்தக் கட்டுப்பாட்டை, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் கவனிப்பாரின்றி எதிர்பார்ப்பது சரியாகாது.

தலையில் அடிபட்டதும் மயக்கம் வந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று எண்ணுகிறார்கள். மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, சொன்னதையே திரும்பக் கேட்பது, மறுநாள் பாடத்தில் கவனம் நிற்காமை, காரணமில்லாத எரிச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று பயிற்சி முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மீண்டும் களத்தில் இறக்குவது மிகத் தவறு. முதல் 24 முதல் 48 மணி நேரம் உடலுக்கு ஓய்வு தந்து, கைபேசி, தொலைக்காட்சித் திரைகளையும் ஒதுக்கி வைத்து, பிறகு இலேசான நடையில் தொடங்கிப் படிப்படியாக வர வேண்டும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை குமித்தே கிடையாது. மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்பாவை மட்டும் விரிந்திருத்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவை இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தலைக்கவசம் அணிந்திருந்தானே என்று சிலர் கேட்பார்கள். கவசம் தோல் கிழிவதையும் வீக்கத்தையும் குறைக்கும்; உள்ளே மூளை குலுங்குவதை அது தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. பல் கவசத்தின் வேலை பல்லைக் காப்பது, அதை அது நன்றாகவே செய்கிறது. நிலைப்பல் விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள்.

மிக அரிதானது என்றாலும் ஒவ்வொரு மாஸ்டரும் அறிந்திருக்க வேண்டியது நெஞ்சில் படும் அடி. இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட, மிகக் குறுகிய கணத்தில் நெஞ்சின் நடுவே குத்தோ உதையோ பட்டால், நோயே இல்லாத இதயமும் தாளம் தவறி நின்றுவிடக்கூடும். அடிபட்ட பிள்ளை ஓரிரு அடி வைத்துச் சரிந்து, கூப்பிட்டும் பதில் இல்லாமல், சரியான மூச்சும் இல்லாமல் கிடந்தால், முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்தத் தொடங்க வேண்டும். ஏஇடி கருவி (நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி தருவது) அருகில் இருந்தால் உடனே கொண்டு வர வேண்டும். வகுப்பில் சேர்க்கும்போது கட்டணத்தையும் உடையின் விலையையும் கேட்கும் பெற்றோர், இப்படி நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் சிபிஆர் முதலுதவி இங்கே தெரிந்தவர் யார் என்றும் கேட்கலாம்.

தண்ணீர் குடிப்பதைக் கட்டுப்படுத்துவது ஒழுக்கப் பயிற்சி என்ற எண்ணம் இன்னும் சில வகுப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்திரை வெயிலில் அது ஒழுக்கமல்ல. எடைப் பிரிவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதும் அவ்வாறே. துவைக்காத உடையும் பொது விரிப்பும் படர்தாமரையைப் பரப்பும். அது வந்தால் மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள், அரிப்பு அடங்கியதுபோல் இருந்துவிட்டு மேலும் பிடிவாதமாகப் படரும்.

பிள்ளையைக் கொண்டுவிட வந்து தாமும் சேர்ந்துவிடும் நாற்பது வயதுக்காரர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். டோக்கியோவில் பெண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. அவர் பல ஆண்டுகள் பயின்று அந்த வயதை அடைந்தவர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நாற்காலியிலேயே பகலைக் கழித்த உடல், முதல் வாரத்திலேயே பிள்ளைகளோடு தாவினால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தாங்காது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு, முதல் சில மாதங்கள் தாவலைத் தவிர்த்துத் தொடங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் பயின்ற ஒவ்வொரு நாளும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இனி பெல்ட். கராத்தேயில் முதல் கறுப்புப் பட்டைகளை ஒகினாவாவைச் சேர்ந்த கராத்தே ஆசான் கிச்சின் ஃபுனகோஷி 1924-ல் தம் மாணவர்களுக்கு வழங்கினார். பட்டை முறையே ஜூடோவிலிருந்து வந்தது. நம் வகுப்புகளில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தேர்வு வருகிறது, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சி திடீரென இரட்டிப்பாகிறது, வலி உள்ள பிள்ளை வாயை மூடிக்கொள்வதும் அந்த இரண்டு வாரங்களில்தான். தேர்வைத் தள்ளிப்போட்டால் கட்டணம் போய்விடும் என்ற கவலை வீட்டிலும் இருக்கிறது. வலி காரணமாகத் தேர்வைத் தவறவிட்டவருக்கு அடுத்த முறை மீண்டும் கட்டணமின்றி வாய்ப்புத் தரும் மாஸ்டர்களை நான் அறிவேன். அவர்களிடம் பயிலும் பிள்ளைகள் வலியைச் சீக்கிரம் சொல்கிறார்கள், சீக்கிரம் குணமாகிறார்கள்.

நான் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இப்போதெல்லாம் ஓய்வு என்ற ஒற்றைச் சொல்லை எழுதுவதில்லை. எந்தக் கட்டாவைச் செய்யலாம், எந்த உதை இடுப்புக்குக் கீழே மட்டும், எத்தனை வாரம் தாவல் வேண்டாம், எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று மாஸ்டருக்குப் புரியும் சொற்களில் எழுதுகிறேன். பிள்ளையை ஓரமாக உட்காரவைக்காமல் வரிசையிலேயே நிறுத்திக்கொள்ள அவருக்கு அது போதுமானதாக இருக்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தருபவர் இப்படி எழுதித் தரவில்லை என்றால், கேட்டு வாங்குங்கள்.