கிட் லென்ஸோடு நின்றுவிடுவீர்கள் என்றால் டிஎஸ்எல்ஆர் வேண்டாம்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று பேச்சு கிளம்பினால் போதும், எங்கள் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். முதல் வகை, "அண்ணாச்சி, கேமரா ஒண்ணு வாங்கணும், சின்னதா வாங்கவா பெருசா வாங்கவா?" என்று கேட்பவர்கள். சின்னது என்றால் பாக்கெட் கேமரா, பெருசு என்றால் லென்ஸைக் கழற்றி மாற்றுகிற டிஎஸ்எல்ஆர். இரண்டாம் வகை, முன்பே பெருசாக வாங்கி பீரோவில் வைத்திருந்து, இப்போது வெளியே எடுத்து "படம் மங்கலா விழுது, என்னன்னு பாருங்க" என்று நீட்டுபவர்கள். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணம் காதுகுத்து எடுத்துக்கொண்டு, இடையில் லென்ஸ் கிளீனிங்கும் பார்க்கிற எனக்கு அந்த இரண்டாம் வகையால்தான் நாலு காசு வருகிறது. இருந்தாலும் நீங்கள் முதல் வகையில் இருக்கும்போதே இதைப் படித்துவிட்டால் நல்லது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், டவுன்காரர், பேரன் பிறந்த சந்தோஷத்தில் டிஎஸ்எல்ஆர் வாங்கினார். கூடவே கேமராவோடு சேர்ந்தே வருகிற 18-55 கிட் லென்ஸ், இன்னொரு ஜூம் லென்ஸ், தோளில் மாட்டுகிற பை. மூன்று வருஷம் கழித்து என்னிடம் வந்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. இதுவரை எத்தனை படம் அடித்திருக்கிறது என்று காட்டுகிற ஷட்டர் கவுண்ட் பார்த்தேன். 640. ஒரு லட்சம் தடவை அடிக்கும் என்று கணக்கு வைத்துச் செய்த ஷட்டர், மூன்று வருஷத்தில் 640 தடவைதான் திறந்து மூடியிருக்கிறது. "ஏன் சார் எடுக்கல?" என்று கேட்டேன். "தூக்கிட்டுப் போகச் சங்கடமா இருக்குப்பா, விசேஷ வீட்ல கழுத்துல மாட்டிட்டு நின்னா எல்லாரும் என்னைய போட்டோக்காரர்னு நினைச்சு, எங்களை ஒண்ணு எடுங்கன்னு கூப்பிடுதாவ" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது ரொம்பச் சரியான காரணம்.

பெரிய கேமரா என்றால் நல்ல படம் என்று எல்லோரும் நினைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சாதாரண பாக்கெட் கேமராவுக்குள் இருக்கிற சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லு, சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. நடுத்தர டிஎஸ்எல்ஆரில் இருப்பது 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டால் 12, 13 மடங்கு வித்தியாசம். அந்த அளவுக்கு வெளிச்சத்தை வாங்கும் என்பதால் இருட்டில் புள்ளிபுள்ளியாக வருவது குறையும். இதுவரைக்கும் கடைக்காரர் சொல்வது சரிதான். அவர் சொல்லாமல் விடுவது இனிமேல் வருவது.

சென்சார் பாதிக் கதைதான், மீதி லென்ஸ். சாரலில் பெரிய அண்டாவை வைத்தாலும் அடைமழையில் சின்னச் சட்டியை வைத்தாலும் சேருகிற தண்ணீர் ஒரே அளவாக இருந்துவிடலாம் இல்லையா, அதே கணக்கு இங்கேயும் உண்டு. டிஎஸ்எல்ஆரோடு பெட்டியில் வருகிற கிட் லென்ஸ் எவ்வளவு திறந்தாலும் எஃப் 3.5 வரைக்கும்தான் திறக்கும், ஜூம் பண்ணினால் 5.6-க்கு இறங்கிவிடும். இந்த எஃப் எண் சின்னதாக இருந்தால்தான் லென்ஸின் திறப்பு பெரிது. 2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 என்று ஒரு பாக்கெட் கேமரா விட்டார்கள், சுமார் 240 கிராம், சட்டைப் பைக்குள் போய்விடும். அதில் இருப்பது ஒரு இன்ச் சென்சார் என்று சொல்வார்கள். அளந்தால் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான், அதில் எங்கேயும் ஒரு இன்ச் கிடையாது, பழைய காலத்து டிவி கேமரா டியூப் கணக்கில் வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதன் லென்ஸ் ஜூம் பண்ணாதபோது எஃப் 1.8. கிட் லென்ஸ் 3.5-இல் நிற்கும்போது இது கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, டிஎஸ்எல்ஆரின் சென்சாரோ இதைவிட மூன்று மடங்கு சொச்சம்தான் பெரிது. ஆக அகலமான காட்சியில், இருட்டில், சட்டைப் பை கேமராவும் கழுத்தில் தொங்குகிற கேமராவும் ஏறக்குறைய சமம். ஜூம் பண்ணினால் நிலைமை மாறும், அப்போது டிஎஸ்எல்ஆர் முந்திவிடும், அதை மறைக்க மாட்டேன்.

அதனால் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கிட் லென்ஸுக்கு மேல் இன்னொரு லென்ஸ் வாங்குவீர்களா மாட்டீர்களா? மாட்டேன் என்றால் டிஎஸ்எல்ஆர் வேண்டாம்.

இது புத்தகத்தில் படித்துச் சொல்வது இல்லை, நான் பட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் புது டிஎஸ்எல்ஆரையும் கிட் லென்ஸையும் தூக்கிக்கொண்டு போனேன். நடுச்சாமக் கொடை, வில்லுப்பாட்டு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம், டியூப் லைட் வெளிச்சம் மட்டும்தான், பெரியப்பா சாமி ஆடி வருகிறார். ஜூம் பண்ணி அடித்தேன், எல்லாம் ஆட்டம். பயந்துபோய் கேமரா தலையில் இருக்கிற குட்டி பிளாஷைத் தூக்கிவிட்டேன். பெரியப்பா முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, பின்னால் இருந்த கூட்டம், பந்தல், அம்மன் அலங்காரம் எல்லாம் கறுப்பு. மறுவருஷம் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிப் போனேன். 5.6-க்கும் 1.8-க்கும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 10 மடங்கு வித்தியாசம். அதே கேமரா, அதே டியூப் லைட். கையில் இருந்த தீச்சட்டியின் வெளிச்சம் முகத்தில் விழுந்தது கூட வந்தது. அந்தப் படம் இன்றைக்கும் பெரியப்பா வீட்டு நடுவீட்டில் மாலையோடு தொங்குகிறது.

டிஎஸ்எல்ஆர் வாங்கினால் இந்த 50 லென்ஸையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும், அதுக்காக பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விஸ்காம் படிக்கிற பையன் ஒருவன் நிக்கான் டி3500 வைத்திருந்தான், யாரோ பழைய 50 மில்லிமீட்டர் டி வகை லென்ஸைச் சல்லிசாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிவிட்டு, "ஃபோக்கஸே ஆக மாட்டேங்குது அண்ணே, லென்ஸ் அவுட்டு" என்று வந்தான். லென்ஸில் ஒன்றும் இல்லை. அந்த வகை லென்ஸைத் திருகுகிற மோட்டார் பாடிக்குள் இருக்க வேண்டும், ஆரம்ப ரக நிக்கான் பாடிகளில் அது கிடையாது. கையால் திருகி எடுத்தால் படம் வரும். அவனுக்கு அது நல்ல பழக்கம்தான் என்று சொல்லி அனுப்பினேன், அவன் முகம் தெளியவில்லை.

சரி, டிஎஸ்எல்ஆர் எங்கே உண்மையிலேயே ஜெயிக்கும்? நம்ம ஊர் வெயிலில். பங்குனி சித்திரை மத்தியானம் பாக்கெட் கேமராவின் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், எடுக்கிற படம் தெரியாது. டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னலில் தெரிவது லென்ஸிலிருந்து கண்ணாடி வழியாக நேராக வருகிற காட்சி, வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஓடுகிற பிள்ளைகள், ஜல்லென்று வருகிற மாட்டு வண்டிப் பந்தயம், இதற்கெல்லாம் அமுக்கினவுடன் அடிக்கிற கேமரா வேண்டும். பேட்டரியும் அப்படித்தான், டி3500 ஒரு சார்ஜில் 1550 படம் என்று கம்பெனி கணக்கு, அந்த ஆர்எக்ஸ்100 வெறும் 330. முழுநாள் விசேஷம் என்றால் பாக்கெட் கேமராவுக்கு இன்னும் இரண்டு பேட்டரி பையில் வேண்டும்.

பறவை எடுக்கக் கூந்தன்குளம் சரணாலயம் போகிறவர்கள் தனி ரகம். நாங்குநேரிப் பக்கம் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரத்தில் நாரை கூடு கட்டியிருக்கும், அதை எடுக்க 200, 300 மில்லிமீட்டர் லென்ஸ் தாராளம். குளத்துக்கு நடுவில் மிதக்கிற வரித்தலை வாத்து வேண்டும் என்றால் டிஎஸ்எல்ஆருக்கு வாங்குகிற லென்ஸின் விலையில் பைக் வாங்கிவிடலாம். 2015-இல் வந்த நிக்கான் பி900 மாதிரி சூப்பர் ஜூம் இருக்கிறதே, 83 மடங்கு ஜூம், சென்சார் என்னவோ அதே நகத்தளவுதான், ஆனால் காலை வெயிலில் இன்ன பறவை என்று அடையாளம் கண்டு ஒரு படம் வைத்துக்கொள்ள அது போதும். அதைப் பெரிய பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

பிரிண்ட் என்றதும் மெகாபிக்சல் ஞாபகம் வருகிறது. 4-க்கு 6 மேக்ஸி பிரிண்ட் தெளிவாக விழ 2 மெகாபிக்சல் சொச்சம் இருந்தால் போதும். 12-க்கு 18 போட்டாலும் 20-க்குள்தான். மெகாபிக்சலைப் பார்த்து காசைக் கொட்டாதீர்கள்.

இனி, நான் தினமும் பார்க்கிற சாவுகள். பாக்கெட் கேமராவுக்கு எமன் மணல். உவரி கடற்கரையிலோ திசையன்விளைப் பக்கம் தேரியிலோ காற்றில் பறக்கிற மணல், வெளியே நீண்டு வருகிற அந்த லென்ஸ் குழாயின் இடுக்கில் ஒரு பொடி போய் உட்கார்ந்தால் போதும், 'லென்ஸ் எரர்' என்று காட்டிவிட்டு உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. பல நேரம் ரிப்பேர் செலவு கேமரா விலையைத் தொட்டுவிடும், நானே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். டிஎஸ்எல்ஆருக்கு அந்த இடங்களில் லென்ஸைக் கழற்றாமல் இருந்தால் போதும், கழற்றினால் தூசி நேராக உள்ளே போய் சென்சாரில் ஒட்டும்.

இரண்டுக்கும் பொதுவான எமன் ஈரம். குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் நனைந்த கேமராவை அப்படியே தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்களே, அது ஃபங்கஸுக்கு வயல் உழுது கொடுத்த மாதிரி. காற்றின் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் ரொம்ப நாள் நின்றால் அது வளர ஆரம்பிக்கும், முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. நல்லா மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, அதில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல், பெரிய செலவில்லாத விஷயம். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்லி யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, தவிட்டுப் பொடி லென்ஸ் வளையத்துக்குள் போய் அதையும் நான்தான் கிளீன் பண்ணுகிறேன். எல்லாவற்றையும் விட, வாரம் ஒருமுறை எடுத்து நாலு படம் அடியுங்கள்.

புதுசாக டிஎஸ்எல்ஆர் தேடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். நிக்கானும் கேனானும் 2018-லிருந்து, உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் முழுமூச்சாகத் திரும்பிவிட்டார்கள், அதனால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் சல்லிசாகக் கிடைக்கிறது. அது உங்களுக்கு லாபம்தான், பார்த்து வாங்கினால். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள், நூல் நூலாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். எஃப் 16-இல் வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் பொட்டாக வரும், அது சுத்தம் பண்ணினால் போகிற விஷயம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஷட்டர் கவுண்ட் கேளுங்கள். பில் இல்லாத சாமான் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள், அது யார் வீட்டில் காணாமல் போனதோ.

வாத்தியாருக்கு வருவோம். அவருடைய லென்ஸைச் சுத்தம் பண்ணி, உள்ளதைச் சொல்லியே மொத்த செட்டையும் அந்த விஸ்காம் பையன் மாதிரி ஒருவனுக்கு விற்றுக் கொடுத்தேன். வந்த காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, ஒரு இன்ச் சென்சார் பாக்கெட் கேமரா ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஆனித் தேரோட்டம் அன்றைக்கு வாகையடி முனையில் நெல்லையப்பர் தேர் திரும்பும்போது அவரைப் பார்த்தேன், ஒரு கையில் பேரன், இன்னொரு கை சட்டைப் பைக்குள். எடுத்து இரண்டு அடி அடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார். நான் ஏணி மேல் நின்று கழுத்தில் இரண்டு கேமராவோடு வியர்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, பாரம் ஜாஸ்தியோ?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.