பாரம்பரியத்தைப் பாட்டிலில் ஊற்றினால்

இரண்டு வயதுக் குழந்தை. கொழுகொழுவென்று பதின்மூன்று கிலோ. "எம்பட புள்ளையாட்டவே நல்ல நெறமுங்க" என்று பெருமையோடு மடியில் வைத்திருந்தார், அம்மாவைப் பெற்ற அமிச்சி. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறார்கள். குழந்தை வளர்வது ஊத்துக்குளிப் பக்கம் தோட்டத்தில், அமிச்சி கையில். வந்த காரணம் வேறு: "செவுத்துச் சுண்ணாம்பச் சொரண்டிச் சொரண்டித் திங்குதுங்க டாக்டரு. பூச்சி மருந்து ரெண்டு தடவ குடுத்தாச்சு, நிக்கவே மாட்டேங்குது."

கீழிமையை விலக்கிப் பார்த்தேன். செம்பருத்தி மாதிரி சிவந்திருக்க வேண்டிய இடம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. உள்ளங்கையும் அப்படியே. அமிச்சி சொன்ன 'நல்ல நெறம்' அதுதான். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8 கிராம் வந்தது. இந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாது. சுண்ணாம்பு, மண், சிலேட்டுக் குச்சி, பச்சரிசி என்று குழந்தைகள் தேடித் தேடித் தின்றால் பூச்சி என்றுதான் நம் ஊரில் முதலில் நினைப்போம். பல சமயம் அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி.

(அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

என்ன சாப்பிடுகிறது என்று கேட்டதும் அமிச்சிக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "பாக்கெட் அயிட்டம் ஒண்ணுகூட எங்கூட்டுல கெடையாதுங்க. பிஸ்கோத்து இல்ல, சாக்லேட்டு இல்ல. எங்க மாட்டுப் பாலு, ராகிப் பாலு, நாட்டுச்சர்க்கர. அவ்வளவுதானுங்க."

அங்கேதான் சிக்கல். பாட்டிலின் அளவைக் கேட்டு, எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணச் சொன்னேன். 250 மில்லி பாட்டிலில் நான்கு முறை மாட்டுப் பால், இரண்டு முறை வடிகட்டிய ராகிப் பால். ஆறிலும் நாட்டுச்சர்க்கரை. நடுவில் சோறு ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. எப்படித் திறக்கும்? வயிறு காலியாக இருக்கும் நேரமே இல்லையே.

ரத்தசோகைக்கு வரும் குழந்தைகளில் டீயும் வர்க்கியுமாக வளர்பவர்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். வீட்டாருக்கே பாதி தெரிந்திருக்கும். இந்த இரண்டாவது வகைதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. அக்கறையான குடும்பம், வசதிக்குக் குறைவில்லை, எல்லாமே 'பாரம்பரியம்', ஆனாலும் குழந்தைக்கு ரத்தமில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் இது 50.7. இது வறுமையின் கணக்கு மட்டுமல்ல என்பதை என் மேஜைக்கு எதிரே தினமும் பார்க்கிறேன்.

பாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் மாட்டுப் பாலில் கிட்டத்தட்ட 650 கலோரி இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 1000. அதாவது பசியில் மூன்றில் இரண்டு பங்கைப் பாலே அடைத்துவிடும். தேவையான இரும்புச்சத்து நாளொன்றுக்கு 8 மில்லிகிராம், ஒரு லிட்டர் பால் முழுக்கக் குடித்தாலும் அதில் இரண்டு மில்லிகிராம் தேறாது. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேர விடாமல் தடுக்கும். காங்கேயம் மாடானாலும் ஜெர்சியானாலும் இதில் வித்தியாசமில்லை. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும், அதுவும் டம்ளரில். ஒரு வயதுக்கு முன்னால் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப் பாலைப் பழக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் ரத்தம் கசிய அது காரணமாகலாம்.

"அப்ப உங்க சின்ன வயசுல எவ்வளவு பால் குடிச்சீங்கம்மா?" என்று அமிச்சியிடம் கேட்டேன்.

சிரித்துவிட்டார். "பாலு ஏதுங்க குடிக்க? கறந்ததும் எங்கய்யன் தூக்கிட்டுப் போயிச் சொசைட்டில ஊத்திருவாரு. எங்களுக்கு மோருதானுங்க. விடியால கம்மஞ்சோத்தக் கரைச்சுக் குடிச்சுட்டுக் காட்டுக்குப் போவோம். மத்தியானம் சோளச்சோறும் தட்டப்பயத்தங் கொழம்பும். பொழுதோட கடலக்காய்."

பாருங்கள், அவர் சொன்னதில் ஒன்றுகூட பேத்தி பாட்டிலில் இல்லை. அவர் வளர்ந்தது ஒரு சாப்பாட்டில், பேத்தி வளர்வது வேறு ஒன்றில். இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க நான் தயாரில்லை. அடுத்த வரியிலேயே அவர் சொன்னார்: "கூடப் பொறந்தது ஏழு பேருங்க. நெலச்சது நாலு."

கம்மஞ்சோறு எப்படி ஆக்குவீர்கள் என்று கேட்டால் போதும், எந்த அமிச்சியும் விடமாட்டார். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் குத்தி, முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடி குத்திக் குருணையும் மாவுமாகப் பிரித்து, குருணையை முதலில் உலையில் போட்டு, வெந்து வரும்போது மாவைத் தூவிக் கெட்டியாகக் கிண்டி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ராத்திரி முழுக்க ஊறுவது வெறும் வழக்கமல்ல. தானியத்தில் பைட்டேட் என்று ஒரு பொருள் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. ஊறும்போதும் முளைக்கும்போதும் புளிக்கும்போதும் அது குறைகிறது. கடையில் வாங்கிய கம்பு மாவை நேராகக் கொதிநீரில் கலக்கினால் தானியம் அதேதான், வேலை பாதிதான் நடந்திருக்கிறது.

ராகிக்கும் இதே கதைதான். நூறு கிராம் ராகியில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அரிசியில் 10-ஐ ஒட்டித்தான். அதனால் எலும்புக்கு ராகி நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'ராகி கொடுத்தால் ரத்தம் ஊறும்' என்பது அளவுக்கு மீறிய நம்பிக்கை. நூறு கிராமில் நான்கைந்து மில்லிகிராம் இரும்புதான், கம்பில் அதைவிட அதிகம். இதில் துணியில் வடிகட்டிப் பாலை மட்டும் எடுத்தால் சக்கையோடு பாதிச் சத்து போய்விடும். ஆறு மாதத்தில் புதிதாகச் சாப்பாடு பழகும் குழந்தைக்குச் சில வாரங்கள் வடிகட்டலாம். பல் முளைத்து முறுக்குக் கடிக்கும் குழந்தைக்கு எதற்கு?

முளைகட்டி அரைத்த ராகியில் இன்னொரு லாபமும் உண்டு, இதைக் கேட்டால் வீட்டில் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். ராகியை ஒரு ராத்திரி ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரையுங்கள். முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் கஞ்சி கெட்டியாகாமல் இளகி நிற்கும். சாதா மாவில் இரண்டு ஸ்பூன் போட்டாலே கூழாகிவிடும் இடத்தில், இதில் நான்கு ஸ்பூன் போடலாம். குழந்தையின் வயிறோ கைப்பிடி அளவு. அதே கிண்ணத்தில் இரண்டு மடங்கு சாப்பாடு போகிறது என்றால் சும்மாவா? அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவில் முளைகட்டிய ராகி சேர்ந்திருக்கிறது. அதை வாங்கி மாட்டுக்குக் கரைக்கும் வீடுகளும் எனக்குத் தெரியும்.

இருபத்தேழு தானியச் சத்துமாவு, முப்பது தானியச் சத்துமாவு எல்லாம் எண்ணிக்கைப் போட்டி. குழந்தைக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்தால், அந்த முப்பதில் எது என்று யார் கண்டுபிடிப்பது? இரண்டு தானியம், ஒரு பயறு போதும்.

நாட்டுச்சர்க்கரையைப் பற்றிச் சொன்னால் இங்கே சண்டைக்கு வருவார்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, அதன் மணத்துக்கு நானும் அடிமை. ஆனால் ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரையில் இரும்பு கால் மில்லிகிராம்கூட இல்லை, மீதியெல்லாம் இனிப்பு. ஒரு வயது வரை சர்க்கரையும் உப்பும் எந்த வடிவத்திலும் வேண்டாம். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்களைப் பாருங்கள், புரியும். இந்தக் குழந்தைக்கு நான்கும் கறுத்திருந்தன.

சரி, அப்புறம் என்னதான் கொடுப்பது?

என் பதில் எப்போதும் அரிசியும் பருப்பும்தான். இதைவிட நல்ல குழந்தைச் சாப்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், அரிசியில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகிவிடும். துவரம்பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மஞ்சள் தாளித்து, இறக்கும் முன் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தட்டில் போட்டு வெதுவெதுப்பாக ஆறிய பிறகு நெய் அரை ஸ்பூன், எலுமிச்சை நாலு சொட்டு. எலுமிச்சையை அடுப்பில் பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் போய்விடும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அந்த நாலு சொட்டு பெரிய துணை. கொய்யாவும் நெல்லிக்காயும்கூட அதே வேலையைச் செய்யும். டீ நேர் எதிர். சாப்பாட்டோடு டீ கொடுத்தால் கீரை போட்டதே வீண்.

கொள்ளு என்றதும் அமிச்சி தலையை ஆட்டினார். "சூடுங்க. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லுவாங்க." பழமொழியோடு வாதாடி ஜெயிக்க முடியாது. நான் கேட்டதெல்லாம் வாரம் இரண்டு நாள், ராத்திரி ஊறவைத்து நன்றாகக் குழைய வேகவைத்த கொள்ளுக் கடைசல் இரண்டு ஸ்பூன். வேண்டாமென்றால் பச்சைப்பயறு, தட்டப்பயறு. நிலக்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிய கடலையை எடுக்கக் குழந்தைகளைக் கோவைக்கு அனுப்பியிருக்கிறேன். வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள்.

கறி சாப்பிடும் வீடென்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி கேளுங்கள். ஆட்டின் மண்ணீரல்தான் அது. 'ரத்தம் ஊறும்' என்று பெரியவர்கள் சொல்வதில் முழுக்க உண்மையான இடம் இதுதான். அதில் இரும்பு நிறைய, அதுவும் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் வகை. நன்றாக வேக வேண்டும், அவ்வளவுதான். பீட்ரூட்டுக்கு நிறம் மட்டும்தான் ரத்தம்.

ஆனால் ஹீமோகுளோபின் 6.8-இல் நிற்கும் குழந்தையைச் சாப்பாட்டை மட்டும் நம்பி விட முடியாது. இரும்புச் சொட்டு மருந்து வேண்டும், எடைக்கேற்ற அளவில், பாலோடு சேர்க்காமல். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு) போன்ற வேறு காரணம் தேட வேண்டும். ஏறிவிட்டது என்று உடனே நிறுத்தவும் கூடாது, உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். மருந்துப் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். அளவு மீறினால் இரும்பு விஷம்.

பாரம்பரியம் என்ற பெயரில் வரும் சிலவற்றை நான் கறாராக மறுத்துவிடுவேன். பச்சைக் குழந்தைக்கு வசம்பு உரசி ஊற்றுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, நாக்கில் தேன் தடவுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகி வந்த குழந்தைகளைப் பார்த்தவன் நான். தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்பையே முடக்கலாம். இங்கே 'காலங்காலமா செய்யறதுதானுங்க' என்ற பதில் எடுபடாது.

ஒரு மாதம் கழித்து அமிச்சி வந்தார். குழந்தை என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தது. போன தடவை மடியிலேயே துவண்டு கிடந்தது. ஹீமோகுளோபின் 8.8. சுண்ணாம்பு தின்பது நின்றுவிட்டதாம். பாட்டிலை அட்டாலியில் போட்டுவிட்டாராம், முதல் நான்கு நாள் ராத்திரி வீடே தூங்கவில்லையாம். ஐந்தாம் நாள் அரிசியும் பருப்பும் கிண்ணத்தோடு காலியானதாம். கொள்ளு? "பயறுதானுங்க குடுக்கறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவருகே நின்று திரும்பினார்.

"ஏனுங்க டாக்டரு, அப்ப மிச்சப் பாலச் சொசைட்டில ஊத்திரலாமுங்களா?"

"ஊத்திருங்கம்மா" என்றேன்.