ஸ்பிராக்கெட்: சங்கிலிப் பற்சக்கரம்

"முன்னுக்கு 14, பின்னுக்கு 36 போடுங்கள் அண்ணே." கெடா மாநிலத்துப் பீடோங்கில் மோட்டார்சைக்கிள் பட்டறை ஒன்றில் ஒருவர் இப்படிக் கேட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது. கேட்பது ஸ்பிராக்கெட், எண் இரண்டும் பல் கணக்கு. கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டில் சிறியது ஒன்று, பின் சக்கரத்தில் பெரியது ஒன்று, இரண்டையும் சுற்றி ஒரு சங்கிலி.

ஆங்கிலத்தில் இது முதலில் தச்சர்களின் சொல். 16ஆம் நூற்றாண்டில் கூரைச் சட்டத்தில் பொருத்தும் மரத்துண்டு ஒன்றுக்கு இப்பெயர் இருந்தது. பின்னர் 18ஆம் நூற்றாண்டில், சக்கர விளிம்பில் துருத்தி நின்று சங்கிலிக் கண்ணியைப் பற்றும் பல்லுக்கு வந்தது. பல் வைத்த சக்கரம் 'ஸ்பிராக்கெட் வீல்' ஆனது. நாளடைவில் 'வீல்' உதிர்ந்துபோக, பல்லின் பெயரே முழுச் சக்கரத்துக்கும் நின்றுவிட்டது. நம் இலக்கணம் இதைச் சினையாகுபெயர் என்கிறது. 'வெற்றிலை நட்டான்' என்னும்போது இலையின் பெயர் கொடிக்கு ஆகி வருகிறதல்லவா, அந்த வகை.

தமிழில் 'பற்சக்கரம்' என்று எழுதுகிறார்கள். அது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. கியரும் பற்சக்கரம்தானே! கியர்கள் ஒன்றையொன்று நேராகக் கடித்து எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. ஸ்பிராக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சங்கிலி இழுக்க, ஒரே திசையில் சுழல்கின்றன. கியருக்குப் 'பல்லிணை' என்ற அருமையான சொல் இருக்கிறது. ஸ்பிராக்கெட்டுக்குச் 'சங்கிலிப் பற்சக்கரம்' என்பதே பொருத்தம். சற்று நீளம்தான். ஆனால் அது செய்யும் வேலை பெயரிலேயே தெரிகிறது.

நம் வட்டாரத்தில் இதை அதிகம் மாற்றுவது கப்சாய் எனும் சிறிய மோட்டார்சைக்கிளுக்குத்தான். (ஹோண்டா 1958இல் வெளியிட்ட சூப்பர் கப்பின் 'கப்' உடன், சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்ற கன்டோனீஸ் ஒட்டு சேர்ந்து பிறந்த பெயர் அது. பக்கத்துக் குரூனில் உருவாகும் மொடேனாஸ் கிறிஸும் அந்த வகையே.) மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். பின் பல்லை முன் பல்லால் வகுங்கள். முன்னே 15, பின்னே 35 என்றால் 2.33. முன்னே மட்டும் 14 ஆக்கினால் 2.5. இழுக்கும் விசை ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். எஞ்சின் அதே அளவு சுழன்றாலும் வேகம் ஏறக்குறைய அந்த அளவே குறையும். முன்னே ஒரு பல்லைக் குறைப்பது இங்கே பின்னே இரண்டரைப் பல் கூட்டுவதற்குச் சமம். அதனால்தான் முன் பற்சக்கரத்தில் கைவைக்கும்போது கவனம் தேவை.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் மேட்டில் உர மூட்டையோடு ஏறுபவருக்கு 14 உதவும். பினாங்கு மாநிலத்துப் பிறை வட்டாரத் தொழிற்சாலைக்கு நாள்தோறும் நெடுஞ்சாலையில் போய்வரும் பிள்ளைக்கு அதே 14 எஞ்சினை வீணாக அலறவிடும். அவருக்கு 15தான் நல்லது. "தம்பி, மேடு ஏறவா, தூரம் ஓடவா?" என்று முதலில் கேட்கும் பட்டறைக்காரரை நம்பலாம்.

பல் எண்ணிக்கையோடு சங்கிலி எண்ணும் பொருந்த வேண்டும். 428 என்பதில் முதல் இலக்கமான 4, கண்ணி இடைவெளி 4/8 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. 520இல் அது 5/8 அங்குலம். 428 சங்கிலி 520க்கான பல்லில் உட்காராது. அலுமினியப் பற்சக்கரம் எடை குறைவு, ஆனால் எஃகைவிட விரைவில் தேயும். சுமை ஏற்றும் வண்டிக்கு எஃகையே கேளுங்கள்.

பழைய பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அரிக்கப்பட்டுக் கொக்கிபோல் சாய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதன்மேல் புதுச் சங்கிலி மாட்டினால் அதுவும் விரைவில் கெடும். முன் பற்சக்கரம், பின் பற்சக்கரம், சங்கிலி மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.