பெஞ்ச்மார்க்: இலக்கு அல்ல, மட்டக்குறி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியின் அறிக்கையைத் தமிழில் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. குடிநீர் அட்டவணையில் மூன்று நிரல்கள். முதலாவது 'தற்போதைய நிலை'. இரண்டாவது 'இலக்கு'. மூன்றாவதும் 'இலக்கு'. ஆங்கில மூலத்தைப் புரட்டினால் இரண்டாவது டார்கெட், மூன்றாவது பெஞ்ச்மார்க். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று ஓர் இலக்கு, பக்கத்திலேயே 135 லிட்டர் என்று இன்னோர் இலக்கு. இதில் எது அந்த ஊர் தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு, எது எல்லா ஊருக்கும் பொதுவான எண் என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

பெஞ்ச்மார்க் என்ற சொல்லை மேலாண்மைக்காரர்களும் கணினிக்காரர்களும் பின்னால்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறந்தது நில அளவையில். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் உயரம் அளந்துகொண்டே போனவர்கள், அசையாத இடமாகப் பார்த்து, தேவாலயச் சுவரிலோ பாலத்துக் கல்லிலோ, கிடைமட்டமாக ஒரு கோடு வெட்டி வைப்பார்கள். அந்தக் கோட்டின் பள்ளத்தில் 'எல்' வடிவ இரும்புத் துண்டு ஒன்றைச் செருகினால், அது சுவரிலிருந்து சின்னத் திண்ணை போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் அளவுக்கோலை நிறுத்துவார்கள். இந்தத் திண்ணைதான் பெஞ்ச். அதற்காக வெட்டிய குறி பெஞ்ச்மார்க். பத்து ஆண்டு கழித்து வேறு ஒருவர் வந்தாலும் அதே பள்ளத்தில் இரும்பைச் செருகலாம். கோல் அதே உயரத்தில் நிற்கும்.

நம் நாட்டிலும் மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா இப்படிக் குறிகளை வைத்திருக்கிறது. ஜி.டி.எஸ். பி.எம். என்று ஆங்கில எழுத்து பொறித்த கற்கள் அவை; பி.எம். என்றால் பெஞ்ச்மார்க். ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஓர் எண் இருக்குமே, அதுவும் இந்த மாதிரிக் குறிகளிலிருந்து அளந்துகொண்டு வந்த உயரம்தான்.

சொல் இடம்பெயர்ந்த கதை நீளமானது இல்லை. ஜெராக்ஸ் நிறுவனம் 1979இல் தன் இயந்திரங்களின் செலவை ஜப்பானியப் போட்டியாளர்களோடு வைத்துப் பார்த்ததிலிருந்து நிர்வாக உலகில் பரவியது. நம் நகராட்சிகளுக்குள் வந்தது 2008இல். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் அந்த ஆண்டு 'சர்வீஸ் லெவல் பெஞ்ச்மார்க்' என்ற முறையைக் கொண்டுவந்தது. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் ஆகிய நான்கு சேவைகளுக்கு மொத்தம் 28 குறியீடுகள். ஒவ்வொன்றையும் எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற சூத்திரமும் உண்டு, ஒரு பெஞ்ச்மார்க்கும் உண்டு. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். விநியோகம் 24 மணி நேரம். வருவாய் தராமல் போகும் நீர் 20 சதவீதம். புகார்களில் 80 சதவீதம் 24 மணி நேரத்துக்குள் தீர்ந்திருக்க வேண்டும். மழைநீர் தேங்கும் இடம் பூஜ்ஜியம்.

இந்த எண்கள் ஊருக்கு ஊர் மாறாது. பெரிய மாநகராட்சிக்கும் சின்ன நகராட்சிக்கும் 135 லிட்டர்தான். மாறுவது இலக்கு. 2010 முதல் 2015 வரைக்கான 13ஆம் நிதி ஆணையம், செயல்திறன் மானியம் வேண்டுமானால் ஒவ்வொரு நகராட்சியும் மாநகராட்சியும் அடுத்த நிதியாண்டு முடிவில் இந்த நான்கு சேவைகளிலும் எந்த நிலையை எட்டும் என்பது மாநில அரசிதழில் வெளியாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அப்படி அறிவிப்பதுதான் இலக்கு. அது அந்த ஊர் தன் கைக்கு எட்டும் என்று நம்பி, பணத்தையும் ஆளையும் கணக்குப் போட்டுச் சொல்வது. பெஞ்ச்மார்க் அசையாமல் சுவரில் இருக்கும் கோடு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் அறிக்கையின் பொருளே கெட்டுப்போகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அளவுகோல்' என்று பலர் எழுதுகிறார்கள். நல்ல சொல், பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் வருகிறது. நிலம் அளந்த கோலின் நீளத்தை, கோயில் கல்லில் கோடாக வெட்டி, ஊரார் எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். அளவைப் பொதுவில் வைப்பது நமக்குப் புதிதில்லை என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் கோல் என்பது எதைக் கொண்டு அளக்கிறோமோ அது. நகராட்சிக் கணக்கில் அந்த வேலையைச் செய்வது லிட்டரும் மணியும் சதவீதமும். எதோடு ஒப்பிட்டு உயர்வு தாழ்வு பார்க்கிறோமோ அதற்கு வேறு சொல் வேண்டும். 'தரநிலை' என்றால் ஸ்டாண்டர்டு என்று பொருளாகிவிடுகிறது.

என் தேர்வு மட்டக்குறி. பொருள் அப்படியே பொருந்துகிறது, சொல்லும் கொத்தனார் கையில் உயிரோடு இருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார், 'மட்டம் சரியா இருக்கு' என்கிறார். வீடு கட்டும் இடத்தில் தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை ஒரு தூணில் ஒருவரும், மறு முனையை எதிர்த் தூணில் இன்னொருவரும் பிடிப்பார்கள். தண்ணீர் ஆடி நின்றதும் இரண்டு தூணிலும் பென்சிலால் கோடு போடுவார்கள். அப்புறம் தரை, ஜன்னல், லிண்டல் எல்லாமே அந்தக் கோட்டிலிருந்து ஏற்றியோ இறக்கியோ அளப்பதுதான். மாதக்கணக்கில் அந்தக் கோட்டை யாரும் அழிக்க மாட்டார்கள். நீர்மட்டம், கடல்மட்டம் என்று படிக்காதவருக்கும் தெரிந்த சொற்கள் துணைக்கு இருக்கின்றன. 'மட்டமான சரக்கு' என்று இழிவாகவும் சொல்கிறோமே என்று ஒரு நண்பர் கேட்டார். அது 'மட்டமான' என்ற பெயரடையில் வரும் பொருள். குறியோடு சேரும்போது யாருக்கும் அந்த நினைப்பு வராது.

அப்படியானால் சர்வீஸ் லெவல் பெஞ்ச்மார்க் 'சேவை மட்டக்குறி'. பெஞ்ச்மார்க்கிங் என்ற செயலுக்கு 'மட்டம் பார்த்தல்' போதும்.

இன்னொரு சொல்லும் இதோடு வரவேண்டும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏ முதல் டி வரை ஒரு தரம் போட வேண்டும். எண் எவ்வளவு நல்லது என்பதற்கு அல்ல, எவ்வளவு நம்பலாம் என்பதற்கு. குழாயில் மீட்டர் வைத்து அளந்து, பதிந்து வைத்த தண்ணீர்க் கணக்கு மேலே நிற்கும். பம்பு இத்தனை மணி ஓடியது, அதனால் இவ்வளவு வந்திருக்கும் என்று உத்தேசமாகப் போட்டது அடியில் கிடக்கும். 130 லிட்டர் என்று டி தரத்தில் சொல்லும் ஊரைவிட, 90 லிட்டர் என்று ஏ தரத்தில் சொல்லும் ஊரை நான் நம்புவேன். தமிழ் அறிக்கைகளில் இந்த எழுத்தைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். இதை 'நம்பகத் தரம்' என்று எழுதலாம்.

நான் திருத்திய அட்டவணையில் கடைசியில் நான்கு நிரல்கள் வந்தன: தற்போதைய நிலை, நம்பகத் தரம், அடுத்த ஆண்டு இலக்கு, மட்டக்குறி. அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் கடைசிச் சொல்லை மட்டும் ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்த்தார். 'கொத்தனார் போடுறதுதானே சார்?' என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.