காபி எப்படி இருந்தது?

மனநல மருத்துவரைப் பார்க்க வருபவர்கள் தூக்கம், பசி, அழுகை பற்றிக் கேட்பார் என்று எண்ணித்தான் வருகிறார்கள். அவற்றையும் கேட்பேன், ஆனால் அதற்கு முன்பாக, காலையில் குடித்த காபி எப்படி இருந்தது என்று கேட்பது என் வழக்கம். "தண்ணியா இருந்தது" என்று யாராவது குறை சொன்னால் எனக்கு ஒரு நிம்மதி. அறுபதை நெருங்கிய ஓர் அம்மா "குடிச்சேன், டாக்டர்" என்று மட்டும் சொன்னார். மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான்.

இன்பத்தை உணரும் திறன் மங்கிப்போகும் இந்நிலைக்கு 'அன்ஹெடோனியா' என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1896-இல் பெயரிட்டார். மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ-9 வினாத்தாளின் முதல் கேள்வியே, கடந்த 2 வாரங்களில் நாட்டமோ மகிழ்ச்சியோ குறைந்ததா என்பதுதான். சோகத்தைப் பற்றிய கேள்வி அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது. நம் வீடுகளிலோ அழுதால்தான் கவனிக்கிறோம். கோலம் போடுவதையும் பூ வாங்குவதையும் ஒருவர் நிறுத்திவிட்டால், "வயசாயிடுச்சு" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

"மனசு சரியானதும் எல்லாம் செய்வேன்" என்று அந்த அம்மாவும் சொன்னார். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். செயல் குறையக் குறைய இன்பம் குறைகிறது, இன்பம் குறைவதால் செயல் மேலும் சுருங்குகிறது. ஆகவே மனம் ஒத்துழைக்கும்வரை காத்திராமல், சிறியதாக ஒன்றைச் செய்யத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அவரும் அவருடன் பணியாற்றியவரும் உருவாக்கிய வினாப்பட்டியலில் 320 இனிய செயல்கள் இருந்தன.

அந்த அம்மாவின் மகன், திருப்பதிக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். பெரிய பயணத்தில் மகிழ்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் சேர்ந்துவிடுகிறது. அது கைகூடாதபோது, செலவு வைத்துவிட்டோமே என்ற குற்றவுணர்வுதான் மிஞ்சுகிறது. வீட்டில் காபி போடுவது யார் என்று விசாரித்தேன். அம்மாவின் கணவர் இறந்த பிறகு, மாமியார் ஓய்வெடுக்கட்டும் என்ற அன்பில் மருமகள் அந்த வேலையைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஃபில்டரை அம்மாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பொடியை அமுக்கி, கொதிநீர் ஊற்றி, டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை அடுக்களையில் அந்த வாசனையோடு நிற்க வேண்டும். முன்னதாக எதிர்பார்த்த இன்பத்துக்கும், பிறகு கிடைத்த இன்பத்துக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் எதிர்பார்ப்பு எல்லா நாளும் 0; கிடைத்தது இரண்டு நாள் 2.

எல்லோருக்கும் இது மட்டும் போதாது. தீவிரமான சோர்வுக்கு மருந்து தேவைப்படலாம். அந்த அம்மாவுக்கும் கொடுத்தேன். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால், 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஆறாவது வாரம் வந்தபோது நோட்டை நீட்டுவதற்கு முன்பே புகார் சொன்னார்: "இந்தத் தடவை வாங்கின பொடியில சிக்கரி ஜாஸ்தி, டாக்டர்."