சிறுநீர்ப்பைக்குள்ள டிபி தடுப்பூசி மருந்தா? பிசிஜி பத்தி கொஞ்சம் விளக்கமா

"டாக்டர், அது டிபி ஊசி தானே, அத எதுக்கு எனக்கு சிறுநீர்ப்பைக்குள்ள விடுறீங்க, எனக்கு டிபி வந்துடாதா?" சிறுநீர்ப்பை கேன்சருக்கு பிசிஜி எழுதினாலே இந்தக் கேள்வி வந்துடும். நியாயமான கேள்வி தான். அவசரத்துல பல நேரம் சரியா விளக்காமலே கையெழுத்து வாங்கிடுறோம், அதான் இந்தப் பதிவு.

கேன்சர் செல் நம்ம உடம்போட சொந்த செல், அதனால எதிர்ப்பு சக்தி பல நேரம் அத கண்டுக்காம விட்டுடும். பாக்டீரியா கதை வேற, பிசிஜியும் ஒரு பாக்டீரியா தான். அதோட செல் சுவர்ல இருக்குற சில பொருட்கள் நம்ம செல்லுல கிடையவே கிடையாது, வெள்ளணுக்கள் மேல கிருமிய அடையாளம் காண இருக்குற டோல் லைக் ரிசப்டார் அத கண்டதும் ஆள் கூட்ட ஆரம்பிச்சிடும், அந்த அமளில பக்கத்துல இருக்குற கேன்சர் செல்லும் சேந்து அடி வாங்கும்.

யோசனை பழசு தான். 1891ல நியூயார்க் சர்ஜன் வில்லியம் கோலி, கழுத்துல சார்கோமாங்கிற ஒரு வகை கேன்சர் கட்டி இருந்த ஒருத்தருக்கு எரிசிபெலஸ்ங்கிற தோல் இன்ஃபெக்ஷன் வந்து கட்டியே காணாம போன கேஸ பழைய ரெக்கார்ட்ல பாத்துட்டு, அந்த இன்ஃபெக்ஷன உண்டாக்குற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவ கேன்சர் நோயாளிகளுக்கு வேணும்னே ஊசி போட்டாரு. சிலருக்கு கட்டி சுருங்குச்சு, சிலர் அந்த இன்ஃபெக்ஷன்லயே போயிட்டாங்க, அதுக்கப்புறம் தான் கொன்ன பாக்டீரியாவுக்கு மாறினாரு. ரேடியேஷன் வந்ததும் இதெல்லாம் ஓரம் போயிடுச்சு. 1976ல மொராலஸ்ங்கிற டாக்டர் கனடாவுல சிறுநீர்ப்பைக்கு பிசிஜி குடுத்து ரிசல்ட் சொன்னாரு, இன்னைக்கும் தசைக்குள்ள இறங்காத, திரும்பி வர ரிஸ்க் அதிகமா இருக்குற கேன்சருக்கு இது தான் முதல் சாய்ஸ். தசைக்குள்ள இறங்கிட்டா பிசிஜி பத்தாது, அத ஓப்பனா சொல்லிடணும்.

பிசிஜி உயிருள்ள, ஆனா வீரியம் குறைச்ச கிருமி. அதனால தான் கட்டிய சுரண்டி எடுத்த புண் ஆற குறைஞ்சது ரெண்டு வாரம் விடுறோம், ட்யூப் போடும்போது கண்ணுக்குத் தெரியிற மாதிரி ரத்தம் வந்துச்சுன்னா அன்னைக்கு மருந்து கிடையாது, வீட்டுக்கு அனுப்பிடுவோம். சிலருக்கு இது கோவமா வரும், "இவ்ளோ தூரம் வந்துட்டேன், போட்டு விடுங்க"ம்பாங்க. காயம் வழியா கிருமி ரத்தத்துல ஏறிட்டா உசுருக்கே ஆபத்து, அதான் பிடிவாதமா இருக்கோம். மருந்து உள்ள போனதும் ரெண்டு மணி நேரம் அடக்கி வைக்கணும். முதல் ரவுண்டு வாரம் ஒண்ணுன்னு ஆறு டோஸ், அப்புறம் இடைவெளி விட்டு தொடரும். அன்னைக்கு ஆறு மணி நேரத்துக்கு உக்காந்து தான் யூரின் போகணும், டாய்லெட்ல ப்ளீச் ஊத்தி கால் மணி நேரம் கழிச்சு ஃப்ளஷ் பண்ணணும்.

எரிச்சல், அடிக்கடி யூரின், லேசான காய்ச்சல், உடம்பு வலி, இது ஒண்ணு ரெண்டு நாள் இருக்கறது சகஜம், எதிர்ப்பு சக்தி முழிச்சிருக்குன்னு அர்த்தம். இதுக்கு பயந்து பாதில நிறுத்துறவங்க தான் எனக்கு பெரிய கவலை. ஆனா 101 டிகிரிக்கு மேல ஒரு நாள் தாண்டியும் நின்னாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இதுவும் சகஜம்னு மாத்திரை போட்டு படுத்துடாதீங்க, உடனே வாங்க. டிபி மருந்தே தேவைப்படலாம்.

உயிருள்ள கிருமி இல்லாம பாக்டீரியா செல் சுவர்த் துண்டோட நகல மட்டும் வச்ச மருந்தும் இருக்கு, மிஃபமுர்டைடுன்னு, எலும்பு கேன்சர் வந்த பசங்களுக்கு ஆப்பரேஷனுக்கு அப்புறம் கீமோவோட சேத்து குடுக்க ஐரோப்பாவுல 2009ல அனுமதி குடுத்தாங்க. இதெல்லாம் படிச்சிட்டு "அப்போ இம்யூனிட்டி பவுடர், ப்ரோபயாட்டிக் போதுமே"ன்னு கேக்குறவங்களுக்கு: போதாது. எந்த இடத்துல, எந்த கேன்சருக்கு, எவ்ளோன்னு பாத்து குடுக்குறதுல தான் விஷயமே இருக்கு.

இன்னொண்ணு, பிசிஜி ஓடிட்டு இருக்கும்போது வேற டாக்டர் ஆன்டிபயாட்டிக்கோ ஸ்டீராய்டோ எழுதினா எங்களுக்கு ஒரு போன் போட்டுட்டு சாப்பிடுங்க. சில ஆன்டிபயாட்டிக் பிசிஜியவே கொன்னுடும், ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்திய அமுக்கிடும், ரெண்டுலயும் அந்த வார டோஸ தள்ளி வைக்கணுமான்னு நாங்க பாக்கணும்.